வாடகை சிபாப் மெஷின்: மெஷின் பாஸ், மாஸ்க் ஃபெயில்

மார்க்கை முதலில் போட்டுவிடுகிறேன். சிபாப், அதாவது தூங்கும்போது காற்றைத் தள்ளி மூச்சு வழியைத் திறந்தே வைக்கிற மெஷினுக்குப் பத்துக்கு ஒன்பது. கூடவே கொடுத்த மாஸ்குக்கு இரண்டு. வாடகைக்கு விட்ட கடைக்கு ஐந்து, அதுவும் கடைப் பையன் வீட்டுக்கே வந்து மாட்டிக் காட்டிவிட்டுப் போனான் என்பதற்காக. குறட்டைக்கும் தூக்கத்தில் வரும் மூச்சுத் தடைக்கும் இந்த மெஷினை எடுக்க நினைக்கிறவர்கள் எல்லோரும் எந்த மாடல் நல்லது என்றுதான் விசாரிக்கிறார்கள், கடைக்காரர்களும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் ஆள் அதைப் போட்டுக்கொண்டு விடியும் வரை தூங்குவாரா, நடு ராத்திரியில் பிடுங்கி எறிவாரா என்பதை முடிவு செய்வது மூக்கின் மேல் உட்காருகிற அந்தச் சிலிக்கான் துண்டுதான்.

மெஷினைப் போடுவது நான் இல்லை, அண்ணன். ஆம்பூரிலிருந்து சென்னைக்கு ஷூ லோடு ஏற்றிப் போகிறவர். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்த ஆளுக்குப் பள்ளிகொண்டா டோல் வருவதற்குள் கொட்டாவி. டீ குடித்தால் கொஞ்ச தூரம் தாங்கும், வாலாஜா தாண்டியதும் மறுபடி கண் சொக்கும். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் சேர்ந்துகொண்டே போகும், தூக்கம் வரவழைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. டீயில் இருக்கும் காஃபின் அது போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளுமே தவிர, சேர்ந்ததைக் கழித்துவிடாது. நல்ல தூக்கம்தான் கழிக்கும். அண்ணனுக்கு அதுதான் இல்லை.

அண்ணி சொன்னது இது: "தம்பி, அவர் குறட்டை விடறப்போ எனக்கு பயம் இல்ல, அது நிக்குது பாரு, அப்போதான் பயம். திரும்ப மூச்சு வருதான்னு பாத்துக்கினே உக்காந்திருப்பேன்." டாக்டர் அண்ணனிடம் கேட்டதைவிட அண்ணியிடம்தான் அதிகம் கேட்டார். நியாயம்தான், தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாதே. தூங்கும்போது நாக்கும் தொண்டைத் தசைகளும் தளரும். சிலருக்கு வழி மொத்தமாக அடைத்து மூச்சு நின்றுவிடும், ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி ஒரு நொடி எழுப்பிவிடும், மூச்சு வந்ததும் மறுபடி தூக்கம். காலையில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. 10 வினாடிக்கு மேல் நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. முழுசாக நிற்காமல் ஓரளவு குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலும் சேரும். மணிக்கு 5 வரை பரவாயில்லை, 15-க்கு மேல் நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. அண்ணன் கடுமையில் இருந்தார்.

டெஸ்ட் வீட்டிலேயே எடுத்தது. நெஞ்சில் பெல்ட், மூக்கில் ஒரு குழாய், விரலில் கிளிப், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் படுத்து எடுத்தால் தலையிலும் கண் பக்கத்திலும் காலிலும் ஒயர் ஒட்டுவார்கள், அதில் எந்த நேரம் எந்த நிலைத் தூக்கம் என்பதும் தெரியும். வீட்டு டெஸ்டில் மூளை அலையைப் பார்க்காததால் விழித்துக் கிடந்த நேரமும் கணக்கில் சேர்ந்து எண்ணிக்கை கொஞ்சம் குறைவாகவே காட்டலாம். ஆக, அறிகுறி எல்லாம் இருந்தும் வீட்டு டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிட வேண்டாம்.

சரி, மெஷின். ஆட்டோ வகை. அது செய்வது ஒரே வேலை, காற்றை லேசான அழுத்தத்தில் மூக்கு வழியாகத் தள்ளி, தொண்டை மூடாமல் திறந்தே வைப்பது. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1980-இல் வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் முதலில் இதைச் செய்து பார்த்திருக்கிறார். இப்போது வருவது படுக்கைப் பக்கத்தில் ஓடினாலும் ஃபேன் சத்தத்தில் கேட்பதில்லை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது காலையில் அது காட்டும் வரைபடம். விடியற்காலை ஆக ஆக அழுத்தம் ஏறியிருக்கும். தூக்கம் சுமார் 90 நிமிஷச் சுற்றுகளாகப் போகிறது, கனவு அதிகம் வரும் ரெம் கட்டம் ராத்திரியின் பின்பாதியில்தான் நீளும், அப்போது உடம்புத் தசைகள் கிட்டத்தட்ட செயலிழந்த மாதிரி தளர்ந்திருக்கும், தொண்டையும் அதிகமாக அடைக்கும். மெஷின் அதற்குத் தகுந்த மாதிரி தானே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது. அண்ணி பயந்து உட்கார்ந்திருந்ததும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

ஆனால் அந்த 'தானே' என்ற வார்த்தையைக் கடைக்காரர்கள் ரொம்ப நம்புகிறார்கள். அழுத்தத்தை 4 முதல் 20 வரை (சென்டிமீட்டர் தண்ணீர் என்ற அளவில்) அகலமாகத் திறந்து வைத்துவிட்டு "ஆட்டோ சார், அதுவா பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டான் பையன். பெரிய உருவம் உள்ளவருக்கு 4-இல் ஆரம்பித்தால் காற்றே போதாத மாதிரி மூச்சு முட்டுகிறது. டாக்டரிடம் டேட்டாவைக் காட்டியதும் கீழ் அழுத்தத்தை ஏற்றி, மேல் வரம்பைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது.

இப்போது மாஸ்க். யார் வந்தாலும் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க், மீடியம் சைஸ், இதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அண்ணன் பார்த்ததும் "இன்னாடா இது, யானை மூஞ்சி மாதிரி கீது" என்றார். அது வேறு விஷயம், பழகிவிடும். பழகாதது காற்றுக் கசிவு. மீசை ஓரமாகக் கிளம்பி மேலே ஏறி நேராகக் கண்ணில் அடிக்கும், காலையில் கண் சிவந்திருக்கும். வாரை இறுக்கினால் மூக்குத் தண்டில் தழும்பு. மீசையை எடுத்துவிடுங்கள் என்று கடையில் சொன்ன யோசனையை அண்ணன் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கடைசியில் மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன வகையை வெளியிலிருந்து வாங்கினோம், கசிவு அடங்கியது, மணிக்கு எண்ணிக்கை 5-க்குக் கீழே வந்தது. மூக்கால் மூச்சு விட முடிகிறவருக்கு மூக்கு மாஸ்கையே முதலில் கொடுக்கச் சொல்லி அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2019-இலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நம் ஊர்க் கடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை போல. வாய் திறந்தே தூங்குகிறவர், மூக்கு அடைப்பு உள்ளவர் என்றால் பெரிய மாஸ்க் தேவைப்படலாம், அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் வேலூர்ப் பக்கத்துக்கென்று சில விஷயம். கத்திரி வெயிலில் ஈரப்பதத் தொட்டியின் சூட்டைக் குறைத்து வைத்தால் போதும். மொத்தமாக நிறுத்தினால் மூக்கு காய்கிறது. மார்கழியில் எதிர்ப் பிரச்சினை, குழாய்க்குள் தண்ணீர் கட்டி மூக்கில் தெறிக்கும், குழாயைப் போர்வைக்குள் விட்டால் நின்றுவிடும். தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். ரோட்டோர வீடு என்றால் ஃபில்டர் சீக்கிரம் கறுத்துவிடும், அடிக்கடி பாருங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடும், கரண்ட்டை அதிகம் இழுப்பது அந்தச் சூடுதான், அதை அணைத்தால் ரொம்ப நேரம் வரும். நடுவில் மெஷின் நின்றால் மூச்சு முட்டிச் செத்துவிடுவோமோ என்று அண்ணிக்கு ஒரு பயம். இல்லை, மாஸ்கில் விட்ட மூச்சு வெளியேறத் துளை இருக்கிறது, பெரிய மாஸ்கில் வெளிக்காற்று உள்ளே வருவதற்கென்றே தனி வால்வும் உண்டு.

அப்புறம், தூக்கமே வரவில்லை என்று சொல்கிறவர்கள் இதை வாங்கக் கிளம்ப வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார்; மதியம் நன்றாகத் தூங்கிவிட்டு ராத்திரி எட்டு மணிக்கே படுத்துப் புரளுகிறவருக்கு இந்த மெஷின் என்ன செய்யும்? அதற்குப் படுக்கை நேரத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிற சிகிச்சை தனியாக இருக்கிறது. படுத்தால் கால் குடைகிறது, ஆட்டாமல் இருக்க முடியவில்லை என்கிறவர்கள் ரத்தத்தில் இரும்புச் சத்தைப் பார்க்க வேண்டும். மூச்சுத் தடை உள்ளவர் தூக்கத்துக்கென்று 'கட்டிங்' போடுவதும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரை போடுவதும் தொண்டையை இன்னும் தளர்த்தி ஆபத்தைத்தான் கூட்டும்.

பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் எந்த வருஷம், எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் சத்தம் குறைக்க உள்ளே வைத்திருந்த பஞ்சு சிதைகிறது என்று லட்சக்கணக்கில் மெஷின்களைத் திரும்பப் பெற்றது.

கடையைப் பற்றிக் கடைசியாக. போன் எடுக்கிறார்கள், மெஷின் சுத்தமாக வந்தது, வாங்கினால் வாடகையைக் கழித்துத் தருவதாகச் சொன்னதை ரசீதில் எழுதியும் கொடுத்தார்கள். ஆனால் மாஸ்க் சைஸ் மாற்றித் தரக் கேட்டால் "பிரிச்சாச்சு, எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். முகத்தில் வைத்துப் பார்க்காமல் சைஸ் எப்படித் தெரியும் என்பதற்குப் பதில் இல்லை. அண்ணனுக்கு மெஷினை அவர்களிடமேதான் வாங்கப் போகிறோம். மாஸ்க் மட்டும் வெளியில்.