அம்மாட குடல் ஒபரேஷன்: துளை போட்டா, வயித்தைத் திறந்தா?

அம்மாக்கு 79 வயசு, பெருங்குடல்ல கேன்சர் எண்டு தெரிஞ்சதும் கொழும்பில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியிலதான் லப்ரஸ்கோபி முறையில, அதாவது வயித்தில சின்னத் துளையள் போட்டு கமராவால பாத்து, செய்தம். சேர்ஜன் அரை மணித்தியாலம் பக்கத்தில இருந்து கதைச்சவர், அது ஒண்டுக்கே அஞ்சு ஸ்டார் குடுக்கலாம். துளை போட்டுச் செய்தா நோ குறைவு, காயம் பழுதாகிற சான்ஸும் குறைவு, கெதியா எழும்பி நடக்கலாம், ஆனா நேரம் கூட எடுக்கும், காபனீரொட்சைட் அடிச்சு வயித்தை ஊதப்பண்ணுறதால இதயமும் நுரையீரலும் பலவீனமான ஆக்களுக்கு யோசிச்சுத்தான் செய்யோணும், இடையில சிக்கல் வந்தா திறக்கவும் வரும் எண்டு ஒளிக்காமச் சொன்னவர். கேன்சர் திரும்ப வாறதில பெரிய வித்தியாசமில்லையாம், 872 பேரை வச்சுச் செய்து 2004ல வெளிவந்த ஆய்விலயும் அப்பிடித்தான் இருக்கு.

பெரியப்பாக்கு முந்தி திறந்துதான் செய்தது. தொப்புளுக்கு மேலயும் கீழயும் நீளத் தையல், பாவம், இருமேக்க தலையணையை வயித்தோட அமத்திப் பிடிச்சுக்கொண்டு அழுவார். அம்மா அடுத்த நாள் பின்னேரமே கதிரையில இருந்து கஞ்சி குடிச்சவ.

ஒரே குறை பில்தான். முதல் சொன்ன காசில குடலை வெட்டிப் பொருத்துற ஸ்டேப்ளர் சாமான் சேரேல்ல, டிஸ்சார்ஜ் அண்டுதான் சொல்லினம். போற ஆக்கள் அதை முதலே எழுத்தில கேட்டு வாங்குங்கோ.