இலவச டிக்கெட் வாங்கப் போய் டைம்ஷேர் வாங்கி வந்தேன்

பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் ஃப்ளோரிடாவில் இருக்கும் ஓர்லாண்டோ தீம் பார்க்குகளுக்குக் கிளம்பும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். டைம்ஷேர் என்றால், ஒரு ரிசார்ட்டில் வருடாவருடம் சில நாள் தங்கும் உரிமையை விலைக்கு வாங்குவது. நடந்தது 2019 ஏப்ரலில். இத்தனை நாள் எழுதாததற்கு வெட்கம்தான் காரணம். ஆபீஸில் வெண்டர் கான்ட்ராக்டுகளை வரிவரியாகப் படித்துத் திருப்பி அனுப்புகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஏமாந்தேன் என்றால் சிரிக்க மாட்டார்களா?

நாங்கள் இருப்பது வட கரோலினாவில். அந்த வருடம் கும்பகோணத்திலிருந்து அப்பா, அம்மா வந்திருந்தார்கள். ஆறு பேருக்கும் தீம் பார்க் டிக்கெட் என்றால், ஒரு நாளுக்கு ஒருவருக்கே நூறு டாலருக்கு மேல். ஓர்லாண்டோவின் இன்டர்நேஷனல் டிரைவ் சாலையில் ஒரு கடையில் 'பாதி விலை' என்று போர்டு பார்த்து நுழைந்தேன். ஒரு ரிசார்ட்டில் காலைச் சாப்பாடு, 90 நிமிடப் பேச்சு, பிடிக்கவில்லை என்றால் வந்துவிடலாம், டிக்கெட் இலவசம் என்றார்கள். ஒரே நிபந்தனை, கணவன் மனைவி இரண்டு பேரும் வர வேண்டும். அது ஏன் என்று அப்போதே யோசித்திருக்கலாம். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று நழுவ முடியாதே!

90 நிமிடம் நாலரை மணி நேரம் ஆனது. எங்களுக்கு வாய்த்த விற்பனையாளர் நல்ல பேச்சுக்காரர். வருடத்துக்கு ஹோட்டலுக்கு எவ்வளவு செலவு என்று கேட்டு, தடித்த மார்க்கரில் எழுதி, இருபது வருடத்துக்குப் பெருக்கிக் காட்டினார். மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, எங்களுக்கு நேராகத் தெரியும்படி எல்லா எண்களையும் தலைகீழாக எழுதினார். ஒரு எண்கூடக் கோணவில்லை. எத்தனை ஆயிரம் குடும்பங்களிடம் எழுதிப் பழகிய கை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேண்டாம் என்றதும் மேனேஜர் வந்தார். 38,000 டாலர் 24,000 ஆகிவிட்டது. இன்றைக்கு மட்டும்தான் இந்த விலையாம். அம்மா மூன்று முறை போன் செய்துவிட்டார்: "குழந்தைங்க பசிக்குதுங்குது, எப்ப வருவீங்க?" கையெழுத்துப் போட்டேன். 2,400 முன்பணம், மீதிக்கு அவர்களே கொடுத்த பத்து வருடக் கடன். வட்டி 16.9 சதவீதம், மாதம் 374 டாலர். முழுசாகக் கட்டினால் முன்பணத்தோடு சேர்த்து 47,000 தாண்டும். அந்தக் கணக்கை மட்டும் யாரும் தலைகீழாக எழுதிக் காட்டவில்லை.

இனிப் படிப்பதைக் கவனமாகப் படியுங்கள். ஃப்ளோரிடா சட்டப்படி, டைம்ஷேர் வாங்கியவர் பத்து நாளுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் ரத்து செய்யலாம். கையெழுத்துப் போட்ட நாள், கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து பத்து காலண்டர் நாள். எழுத்தில் அனுப்ப வேண்டும். தபாலில் போட்டால் தபால் முத்திரைத் தேதிதான் கணக்கு. இந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக நாமே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.

இது ஒப்பந்தத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்தை நூறு பக்கத்துக்கு மேல் போகும் காகிதக் கட்டோடு சேர்த்து, அழகான ஒரு பைக்குள் வைத்து, ஜிப் போட்டுக் கொடுத்தார்கள். "விடுமுறையை அனுபவியுங்கள், இரண்டு வாரத்தில் நாங்களே கூப்பிட்டு எல்லாம் விளக்குவோம்." பத்து நாள் சட்டம், பதினாலாம் நாள் போன்!

அன்று ராத்திரி அப்பா கேட்டார், "சொத்து வாங்கினேன்னியே, பட்டா யார் பேர்ல?" பை கட்டிலின் மேல்தான் கிடந்தது. "வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்ப்பா" என்றேன். பையைத் திறந்தது 23-ஆம் நாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் வாங்கியது பாயின்ட் கணக்கில், அதைக் கொடுத்துத்தான் அறை எடுக்க வேண்டும். பள்ளி விடுமுறை வாரங்களில் பாயின்ட் இரண்டு மடங்கு கேட்டார்கள், அதற்கும் அறை கிடைக்கவில்லை. அதே ரிசார்ட், அதே வாரம், பயண வலைத்தளத்தில் பணம் கட்டினால் கிடைத்தது, அதுவும் நாங்கள் வருடாவருடம் பராமரிப்புக்கென்று கட்டும் மெயின்டனன்ஸ் தொகையைவிடக் குறைவாக. அந்த மெயின்டனன்ஸ் 940 டாலரில் தொடங்கி இப்போது 1,420-இல் நிற்கிறது. ஊரில் இருந்த டெபாசிட்டை உடைத்து நாலாம் வருடம் கடனை அடைத்தேன். விற்கலாம் என்று தேடினால், என்னுடையது போன்ற பாயின்டுகளை ஒரு டாலருக்குப் போட்டும் வாங்க ஆளில்லை.

அப்புறம் ஒரு போன். எங்கள் ரிசார்ட் பெயர், பாயின்ட் எண்ணிக்கை எல்லாம் சரியாகச் சொன்னார். வாங்க ஆள் தயார், பத்திரச் செலவுக்கு 1,800 டாலர் மட்டும் அனுப்புங்கள் என்றார். நான் அனுப்பவே போனேன். "விக்கிறவன் எதுக்குங்க பணம் கட்டணும்?" என்றாள் மனைவி. தப்பித்தோம். முன்பணம் கேட்டு 'விற்றுத் தருகிறோம்' என்பவர்களைப் பற்றி அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமே எச்சரித்திருக்கிறது.

எங்களுக்கு டைம்ஷேர் விற்ற நிறுவனம் என் பேச்சைக் கேட்கும் என்றால் சொல்ல நிறைய இருக்கிறது. கேட்காது, இருந்தாலும் சொல்கிறேன். கடந்த பத்து வருட மெயின்டனன்ஸ் தொகையை முதல் தாளில் அச்சடியுங்கள். அதே மார்க்கரில் எழுதினாலும் சரி. கூடுதல் பாயின்ட் வாங்க ஆப்பில் பெரிய பச்சைப் பட்டன் வைத்திருக்கிறீர்களே, பக்கத்திலேயே பத்து நாளைக்கு மட்டும் ரத்து செய்ய ஒரு பட்டன் வையுங்கள். கடனை அடைத்தவர் வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவுத் தேதி போடுங்கள். 1991-இல் தொடங்கிய டிஸ்னியின் டைம்ஷேர் திட்டத்தில் பழைய ரிசார்ட்டுகள் பலவற்றின் ஒப்பந்தம் 2042-இல் முடிந்துவிடுகிறது. லாபமோ நஷ்டமோ, ஒரு நாள் தீரும். எங்கள் பத்திரத்தில் இருப்பது 'என்றென்றைக்கும்'. அப்பாவிடம் சொன்னபோது, "பிதுரார்ஜிதமா கடனை எழுதிவைக்கப் போறியா?" என்று கேட்டார்.

திருப்பிக் கொடுக்க விண்ணப்பம் போட்டு எட்டு மாதம் ஆகிறது. பரிசீலனையில் இருக்கிறதாம். கட்டிய பணம் வீணாக வேண்டாமே என்று போன மாதம் நாலு நாள் போய்த் தங்கினோம். செக்-இன் முடிந்ததும், கார் பார்க்கிங் பாஸை அடுத்த மேஜையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே இருந்த பெண் சிரித்த முகத்தோடு, நாளைக் காலை 'உரிமையாளர் சந்திப்பு' இருக்கிறது, 45 நிமிடம்தான், சாப்பாடும் நூறு டாலர் கிஃப்ட் கார்டும் உண்டு என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி கையை நீட்டி, "பார்க்கிங் பாஸ் மட்டும் கொடுங்கள்" என்றாள்.