60 ரூபாய் கைப்பட்டி: நான்கு மாதம் கட்டிப் பார்த்த பிறகு

சபை ஆண்டுவிழாவில் போட்டிருந்த ஸ்டாலில் 60 ரூபாய்க்கு வாங்கினேன். நெய்த நைலான் பட்டி, அதில் டபிள்யூ டபிள்யூ ஜே டி என்று நான்கு ஆங்கில எழுத்து. 'இயேசுவாக இருந்தால் என்ன செய்வார்?' என்ற கேள்வியின் சுருக்கம். 1989-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஹாலண்ட் ஊரில், ஒரு சபை வாலிபர்களுக்காகத் தொடங்கிய வழக்கம்.

நீலச் சாயம் முதல் வாரம் இறங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. பிளாஸ்டிக் கொக்கி நான்காம் மாதம் உடைந்தது. இப்போது முடிச்சுப் போட்டிருக்கிறேன்.

மருந்துக்கடையில் கல்லா என் பொறுப்பு. மாதக் கடைசியில் ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரைச் சீட்டை நீட்டி, "பாதி அட்டை மட்டும் கொடும்மா" என்றார். அவருக்குப் பின்னால் எட்டுப் பேர். வழக்கமாக, "முழு அட்டைதான் தாத்தா" என்று வெடுக்கென்று சொல்லிவிடுவேன். அன்று சீட்டை வாங்கக் கை நீட்டியபோது அந்த எழுத்துகள் கண்ணில் பட்டன. கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்றும் நிதானமாகச் சொன்னேன்.

இயேசு நமக்கு ஒரு மாதிரியை வைத்துப்போனார் என்று பைபிளில் 1 பேதுரு 2:21 சொல்கிறது. அங்கே 'மாதிரி' என்று வரும் கிரேக்கச் சொல், பிள்ளைகள் பார்த்து எழுதிப் பழகும் எழுத்தைக் குறிக்குமாம். போதகர் ஐயா சொன்னார். எனக்கு அது பெரிய ஆறுதல். கோணலாக வந்தால் மறுபடி எழுதிப் பார்க்கலாம்.

ஒரே குறை, ஆங்கில எழுத்து. அம்மாவுக்கு அது வாசிக்கத் தெரியாது. தமிழில் நெய்து தந்தால் இரண்டு வாங்குவேன்.