ஏசிஎல் மறுபடி அறுந்தால்: ஜவ்வை மட்டும் மாற்றுவதா, எலும்பையும் வெட்டுவதா?

மஞ்சுவிரட்டிலோ கபடியிலோ போன ஏசிஎல்லுக்கு (முட்டிக்குள் இருக்கும் முன்சிலுவை ஜவ்வு) ஆபரேஷன் ஆகி, அதுவும் அறுந்துவிட்டால், காரைக்குடிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு எடுத்துப்போவது எம்ஆர்ஐ உறையைத்தான். கூடவே ஒரு சாதா எக்ஸ்ரேயும் வேண்டும்: முட்டிக்குக் கீழே 15 செ.மீ. எலும்பாவது தெரிய, துல்லியமாகப் பக்கவாட்டில் எடுத்தது. டிபியாவின் (முட்டிக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு) மேல்பரப்பு பின்பக்கம் எத்தனை டிகிரி சரிந்திருக்கிறது என்று அதில் அளப்பார்கள். பலருக்கு 5 முதல் 10. 12-ஐத் தாண்டினால், கால் ஊன்றும்போதெல்லாம் டிபியா முன்னால் தள்ளப்படும். அந்த இழுவை முழுக்கப் புது ஜவ்வின் தலையில்.

சரிவு இயல்பாக இருந்து, முதல் ஆபரேஷனில் ஜவ்வைச் செருக எலும்பில் துளை போட்ட இடம்தான் தப்பு என்றால் ஜவ்வை மட்டும் மாற்றினால் போதும். பழைய துளை 15 மி.மீ. அளவுக்கு விரிந்திருந்தால் முதலில் எலும்புத்தூள் நிரப்பி, 3 முதல் 6 மாதம் பொறுக்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கப் பட்டையில் ஒரு கீற்றை எடுத்துக் கட்டுவது முட்டியின் முறுக்கலை அடக்கும். சரிவை அது தொடாது.

இரண்டாவது முறையும் அறுந்து, சரிவும் 12-க்கு மேல் என்றால் எலும்பு வெட்டைத் தட்டிக்கழிக்கக் கூடாது. டிபியாவின் முன்பக்கம் ஆப்பு வடிவில் எலும்பை எடுத்து இடைவெளியை மூடுவார்கள். முன்னால் 1 மி.மீ. எடுத்தால் ஏறத்தாழ 1 டிகிரி குறையும். 14-ஐ 6 ஆக்க 8 மி.மீ. சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் கருவி) பார்த்துக் கம்பிகளைச் செலுத்தி, அவற்றை ஒட்டியே ரம்பம் போகும். பின்சுவரில் 1 செ.மீ. போல விட்டுவைப்பார்கள். அதுதான் கீல்; அதற்குப் பின்னாலேயே பெரிய ரத்தக்குழாய். அவசரப்பட்டு மூடினால் கீல் உடைந்து எலும்பு நகரும். காலை நீட்டினால் முட்டி ஏற்கெனவே நேர்க்கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் 10 டிகிரிக்கு மேல் வளைகிறவருக்கு இந்த வெட்டு ஆகாது, வளைவு இன்னும் கூடும்.

வில்கால் இருந்தால் வெட்டு வேறு: உட்பக்கம் திறந்து பிளேட் வைப்பது. இதில் முன் இடைவெளி பின்னதில் பாதிதான் இருக்க வேண்டும். இரண்டையும் சமமாகத் திறந்தால் வில்கால் நேராகும், சரிவு ஏறிவிடும். ஜவ்வுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை.

வெட்டுக்குப் பின் சுமார் 6 வாரம் ஊன்றுகோல். எலும்பு ஒட்ட 3 மாதம், புகைப்பவருக்கு இன்னும் தாமதம். உயரமான திண்ணைப்படி ஏறி வளவுக்குள் (உள்முற்றம்) போகும் வீடென்றால் படுக்கையை முகப்பிலேயே போடுங்கள். ஈரமான ஆத்தங்குடிக் கல்லில் ஊன்றுகோல் வழுக்கும்.