கண்ணாடித் தொடுவிசையா, ஸ்பிரிங் விசையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை எடைபோடும் கொட்டகைக்கு விசைப்பலகை வடிவமைக்கிறேன். ஒவ்வொரு விசையிலும் குட்டித் திரை. தமிழிலோ மலாயிலோ எழுத்து மாறும்.

தட்டைக் கண்ணாடி என்றால் திரை வைப்பது சுலபம். விரல் பட்டால் மின்தேக்குத்திறன் (மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு) சிறிது மாறும்; எவ்வளவு மாறினால் அழுத்தம் என்று கொள்வது, மென்பொருளில் திருத்தலாம். ஆனால் சாரல் துளியும் அதே மாற்றத்தைத் தருகிறது. வரம்பைக் கூட்டினால், கையுறை போட்ட கிராணி (தோட்ட எழுத்தர்) அக்கா மறுபடி மறுபடி தட்ட வேண்டும். அவர் வேலையை நாம் கூட்டக்கூடாது.

ஸ்பிரிங் வகையும் மின்தேக்குத்திறனைத்தான் அளக்கிறது, ஆனால் விரலை அல்ல. சுருள் அமுங்கும் ஆழத்தை. இவ்வகை விசை கொண்ட ரியல்ஃபோர்ஸ் கணினி விசைப்பலகைகள் சிலவற்றில், எவ்வளவு ஆழம் இறங்கினால் அழுத்தம் என்று கொள்வது என்பதை 1.5, 2.2, 3 மி.மீ. எனத் தேர்ந்தெடுக்கலாம். திரைதான் சிக்கல்: அசையும் மூடிக்குள் வைத்தால் கம்பி நாளடைவில் அறும். அசையாத திரைமேல் தெளிந்த மூடி மட்டும் இறங்கட்டும், சுருள் ஓரத்தில் இருக்கட்டும். செலவு கூடினாலும் கொட்டகைக்கு இதுவே என் தேர்வு.