ஆளை அளக்குற சாஃப்ட்வேர், 6 மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

எங்க டீம்ல 14 பேரு. யாரு எந்த வேலைக்கு செட் ஆவாங்க, கம்பெனி வேல்யூஸோட யாரு ஒத்துப்போறாங்கன்னு பாக்க ஒரு ஆன்லைன் சாஃப்ட்வேர் வாங்கினோம். பேரு வேணாம், சொன்னா அவங்ககிட்ட இருந்து போன் வந்துட்டே இருக்கும். என் ரேட்டிங் 5க்கு ரெண்டரை.

உள்ள இருக்குற ஐடியா நல்லதுதான், இ.ஓ.எஸ்னு சொல்ற மேனேஜ்மென்ட் முறைல வர்ற பீப்பிள் அனலைசர். இடது பக்கம் பேருங்க, மேல வேல்யூஸ், ஒவ்வொரு கட்டத்துலயும் பிளஸ் (பெரும்பாலும் அப்படி நடந்துக்குறாங்க), பிளஸ்-மைனஸ் (சில நேரம்தான்), மைனஸ் (பெரும்பாலும் இல்ல) மூணுல ஒண்ணு. அப்புறம் மூணு கேள்வி: வேலை புரியுதா, அதுமேல ஆசை இருக்கா, செய்யுற திறமை இருக்கா. ஆமா இல்ல ரெண்டே பதில், நழுவ முடியாது. அக்கவுன்ட்ஸ்ல ஒருத்தவங்களுக்கு வேல்யூஸ் வரிசை முழுக்க பிளஸ், ஆசை இருக்கான்ற எடத்துல அவங்கள கேக்காமலே நானே ஆமான்னு போட்டுட்டேன், அப்புறம் உக்காந்து பேசினா "ஷீட்ட திறந்தாலே தலவலி சார், கஸ்டமர் போன் வந்தாதான் உயிரே வருது"ன்றாங்க. சப்போர்ட்டுக்கு மாத்தினோம், இப்ப அங்க அவங்கதான் தூண்.

இப்ப கடுப்பு. பீப்பிள் அனலைசர்ல குறைந்தபட்ச அளவுன்னு ஒண்ணு வெச்சுக்கணும், 5 வேல்யூ இருந்தா மூணு பிளஸ், ரெண்டு பிளஸ்-மைனஸ், மைனஸ் கூடவே கூடாதுங்கற மாதிரி. இந்த சாஃப்ட்வேர் எல்லாத்தையும் கூட்டி சராசரி போட்டு பர்சன்டேஜ் காட்டுது! சேல்ஸ்ல ஒருத்தர், டார்கெட்ல புலி, ஆனா ஜூனியர் புடிச்ச லீட (வாங்க வாய்ப்பு இருக்குற கஸ்டமர்) எல்லாம் தன் பேருல போட்டுக்குவாரு, "கூட இருக்கவங்கள மதிக்கிறது"ல அப்பட்டமா மைனஸ், ஸ்க்ரீன்ல பாத்தா 82%, பச்சை கலரு. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம்னு சும்மாவா சொன்னாங்க.

இதுல கட்டாய ரேங்கிங் வேற, வாங்கினப்பவே ஆன்ல இருக்கு, யாராவது ஒருத்தர் கடைசில நின்னே ஆகணும். மைக்ரோசாஃப்ட்டே 2013ல இந்த பழக்கத்த தூக்கி போட்டுடுச்சு.

"பொறுப்பெடுத்துக்கிறது"ன்ற வேல்யூக்கு ஒரே ஆளுக்கு ஒரு மேனேஜர் பிளஸ், இன்னொருத்தர் மைனஸ். ஒருத்தர் சொல்றாரு ராத்திரி 12 மணிக்கும் மெயிலுக்கு பதில் போடுறான்னு, இன்னொருத்தர் சொல்றாரு தப்பு நடந்தா மாட்டுற வரைக்கும் வாயே திறக்க மாட்டான்னு. ஒரு மணி நேரம் சண்ட, கடைசில அந்த வார்த்தைக்கு நாங்க ஆளுக்கொரு அர்த்தம் வெச்சிருந்தோம்னு தெரிஞ்சுது. 6 மாசத்துல உருப்படியா நடந்தது அதுதான், அதை எழுதி வெக்க ஒரு கமென்ட் பெட்டி கூட இல்ல, நாங்க பேசிட்டு இருந்த கேப்ல லாகவுட் வேற ஆயிடுச்சு.

ரினியூ பண்ணல. சாதாரண ஷீட்லயே போட்டுக்குறோம், கடைசி 3 மாசத்துல நடந்த ஒரு சம்பவம் சொல்லாம எந்த கட்டமும் நிரப்பக்கூடாது, முதல் வரிசைல மேனேஜர்ங்க பேரு. எனக்கு "சொன்ன நேரத்துக்கு முடிக்கிறது"ல பிளஸ்-மைனஸ் விழுந்துச்சு, வாய மூடிக்கிட்டேன்.

டேட்டாவ வெளிய எடுக்குற எக்ஸ்போர்ட் பட்டன் மட்டும் ஒரே கிளிக்ல வேலை செஞ்சுது, அந்த அரை ஸ்டார் அதுக்குத்தான்.