தெலுக் இந்தான் ஜப்பான் சாமான் கடையில் கிடைக்கும் குட்டி ரயில் எஞ்சின்கள்

மலேசியாவின் தெலுக் இந்தானில் சாய்ந்த கோபுரத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, முன்பு மரச்சாமான் கிடங்காக இருந்த கட்டடத்தில் ஜப்பானில் பயன்படுத்திய பழைய பொருட்களை விற்கும் ஜப்பான் சாமான் கடை ஒன்று நடக்கிறது. கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்களிலிருந்து பீங்கான் தட்டு, தூண்டில், கித்தார், சிறுவர் மிதிவண்டி, தையல் இயந்திரம் என எல்லாம் அங்கே வந்து குவியும். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறேன். உதிரி பாகங்களுக்காகத்தான் அந்தக் கடைக்குப் போகத் தொடங்கினேன். கடந்த ஒன்றரை ஆண்டாகப் போவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. பின்சுவரை ஒட்டிய இரும்பு அலமாரியில், மூன்றாவது அடுக்கில், இரண்டு பிளாஸ்டிக் கூடைகள் நிறையக் குட்டி ரயில் எஞ்சின்கள் கிடக்கின்றன.

பொம்மை ரயில் அல்ல, மாதிரி ரயில். ஒவ்வொன்றுக்குள்ளும் சுண்டுவிரல் நுனி அளவு மோட்டார், பல் சக்கரங்கள், தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் செம்புத் தகடுகள் இருக்கும். பெரும்பாலானவை 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுபவை. ஜப்பானில் இந்தத் தண்டவாளத்துக்குப் பெரும்பாலும் 150-இல் ஒரு பங்கு அளவில் வண்டிகள் செய்கிறார்கள். ஆனால் அதே தண்டவாளத்தில் இன்னும் பெரிய அளவில் செய்த வண்டியை ஏற்றினால், அது குறுகிய பாதை ரயில், அதாவது கம்பிகளுக்கு இடையே அகலம் குறைந்த பாதையில் ஓடும் சின்ன ரயிலின் மாதிரி ஆகிவிடும். பிரிட்டனில் 76-இல் ஒரு பங்காகவும், ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் 87-இல் ஒரு பங்காகவும் செய்கிறார்கள். ஜப்பானில் 80-இல் ஒரு பங்காகச் செய்யும் வழக்கமும் உண்டு.

இந்தக் கணக்கு எனக்கு ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். ஊத்தான் மெலிந்தாங் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், நான் வளர்ந்தேன். செம்பனை என்னும் எண்ணெய்ப் பனையின் குலைகளைக் கூண்டு வண்டிகளில் நிரப்பி, ஆலைக்குச் சின்ன ரயிலில் இழுத்துப்போகும் வழக்கம் எங்கள் வட்டாரத்தில் உண்டு. ஜெண்டராத்தா தோட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்துப் பாதையை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். ஒரு கால்வாயின் மேல் மட்டும், ஆட்கள் நடந்து கடப்பதற்காக, பத்தடி நீளத்துக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். போன ஆண்டு தையற்கார நாடாவை எடுத்துப்போய் இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தேன். 70 சென்டிமீட்டர். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 9 மில்லிமீட்டரை 76-ஆல் பெருக்கினால் 684, 80-ஆல் பெருக்கினால் 720. எங்கள் தோட்டத்து 700 அந்த இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. கூடையில் கிடக்கும் எஞ்சினின் அடிப்பாகத்தை எடுத்து, மேலே தகுந்த உடல் கட்டினால் என் லயத்துக்குப் பின்னால் ஓடிய வண்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனிக் கடையைப் பற்றி. அங்குள்ள பல பெட்டிகளில் ஜப்பானிய எழுத்தில் ஒரு சிறிய சீட்டு ஒட்டியிருக்கும். அதில் 'ஜங்க்கு' என்று எழுதியிருக்கிறது. பழுதானது அல்லது ஓடுமா என்று சோதிக்காதது என்று ஜப்பானியக் கடைக்காரர்கள் தனியே ஒதுக்கும் பொருளுக்கு அதுதான் பெயர். இங்கே வேலை செய்யும் தம்பிகளுக்கு அந்த எழுத்து தெரியாது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, பார்வைக்கு எப்படி இருக்கிறதோ அப்படி விலை வைக்கிறார்கள். இதனால் பளபளப்பான, உள்ளே செத்த எஞ்சினுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்), தூசி படிந்த நல்ல எஞ்சினுக்கு 15 வெள்ளி என்று ஆகிவிடுகிறது. தேடத் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் இதுவரை ஆறு எஞ்சின்கள் வாங்கியிருக்கிறேன். ஆறுக்கும் சேர்த்துக் கொடுத்த பணத்தில் கோலாலம்பூரில் புதிதாக ஒன்று வாங்கியிருக்க முடியாது.

கடைக்காரர்கள் சோதிக்க விடுகிறார்கள், அதுதான் இந்தக் கடையின் பெரிய நன்மை. நான் கைப்பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு துண்டுக் கம்பியும் வைத்திருப்பேன். எஞ்சினைக் கவிழ்த்து, இடப்பக்கச் சக்கரத்தில் ஒரு கம்பி, வலப்பக்கச் சக்கரத்தில் ஒரு கம்பி. இவை 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை என்பதால் 9 வோல்ட்டில் தாராளமாகச் சுழல வேண்டும். முதல் தடவை நான் இப்படிச் செய்தபோது கடை முதலாளியான தவுக்கே பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் போனபோது கல்லாவுக்கு அருகில் ஒரு சின்ன மேசையும் மேசை விளக்கும் போட்டிருந்தார். "அக்கா, உங்களுக்காகத்தான்" என்றான் அங்கே நிற்கும் தம்பி. ஒரு கடையைப் பற்றி நான் நல்லதாகச் சொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும்?

தீபாவளித் தையல் நெருக்கடி முடிந்த வாரத்தில் வாங்கிய எஞ்சினைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். சிவப்பும் மஞ்சளுமாக, இரண்டு தீப்பெட்டிகளைத் தலைக்கு வால் வைத்த நீளத்தில், நான்கு சக்கர டீசல். 18 வெள்ளி. மேசையில் கம்பியை வைத்ததும் மோட்டார் முனகியது, சக்கரம் அசையவில்லை. உடனே கம்பியை எடுத்துவிட்டேன். மாட்டிக்கொண்ட மோட்டாருக்குத் தொடர்ந்து மின்சாரம் கொடுத்தால் சுருள் எரிந்துவிடும், தையல் மோட்டாரும் அப்படித்தான். முனகல் கேட்டது எனக்கு நல்ல செய்தி. மோட்டார் உயிரோடு இருக்கிறது, வேறெதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வீட்டில் மேலுடலை நகத்தால் நெம்பிக் கழற்றினேன். உள்ளே போட்டிருந்த கிரீஸ் காய்ந்து, பலாப்பிசின் நிறத்தில் பல் சக்கரங்களை ஒட்டவைத்திருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு மெதுவாகக் கரைத்தேன். பற்களின் இடுக்குகளுக்குப் பல்குத்தும் குச்சிதான் சரியான கருவி, இரும்பு ஊசி பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். தின்னரும் பெட்ரோலும் கூடவே கூடாது, பிளாஸ்டிக் கரைந்து வெளுத்துவிடும். அதன் பிறகும் முன் அச்சு இறுக்கமாகவே இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், அச்சைச் சுற்றி இளநீல இழை ஒன்று, நாலைந்து சுற்று. யார் வீட்டிலோ தரைவிரிப்பின் மேல் தண்டவாளம் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். பாபின் கூட்டில் நூல் சிக்கினால் எடுக்கும் அதே வளைந்த இடுக்கியால் அந்த இழையை முழுசாக உருவி எடுத்தேன். அதை இன்னும் ஒரு கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கிறேன்.

செம்புத் தகடுகளைத் துடைத்து, சக்கரத்தின் பின்பக்கத்தைத் தொடும்படி மயிரிழை அளவு வளைத்தேன். அச்சின் முனைகளில் தையல் இயந்திர எண்ணெய், ஊசி முனையில் எடுத்த துளி. அதற்கு மேல் விட்டால் எண்ணெய் சக்கரத்தின் ஓட்டுப்பரப்புக்கு இறங்கி, வழுக்கும். பிறகு தண்டவாளத்தில் வைத்தேன். முதலில் திக்கித் திக்கி நகர்ந்தது. வட்டப்பாதையில் அரை மணி நேரம் முன்னும் பின்னுமாக ஓடவிட்டதும் மெதுவாக, அமைதியாக ஓடத் தொடங்கிவிட்டது.

ஒரு குறை மிச்சம் இருந்தது. சரிவில் ஏறும்போது பின்சக்கரங்கள் சும்மா சுற்றின. பிடிமானத்துக்காகச் சில சக்கரங்களில் மெல்லிய ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள், அது கெட்டியாகி வெடித்திருந்தது. அதே அளவு வளையம் இங்கே கிடைக்கவில்லை. கைவினைப் பொருள் கடையில் விற்கும் அம்மோனியா கலந்த ரப்பர் பாலை வாங்கி, சக்கரத்திலிருந்த பள்ளத்தில் குச்சி முனையால் தடவினேன். சக்கரத்தை மெதுவாகச் சுழலவிட்டு அப்படியே காயவைத்தேன். இரண்டு பூச்சு. வெள்ளைப் பால் காயக் காயக் கண்ணாடி போலத் தெளிந்தது. அம்மா இருபது ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசனை வந்ததும், "மங்குப் பால் மாதிரி இருக்கிறதே" என்றார். மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்தான் மங்கு. நான்கு மாதம் ஆகிறது, பிடிமானம் குறையவில்லை.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். 45 வெள்ளி கொடுத்து வாங்கிய கனமான நீராவி எஞ்சின் ஒன்று என்னை ஏமாற்றியது. அதன் சட்டம் துத்தநாகக் கலவையில் வார்த்தது. வார்ப்பில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால், ஆண்டுகள் போகப் போக உலோகம் உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, பிஸ்கட் போல உதிரும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதை இன்னும் விரைவுபடுத்தும். இதற்கு வைத்தியம் கிடையாது. கடையிலேயே எஞ்சினைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, பக்கவாட்டில் பாருங்கள். சட்டம் வாழைக்காய் போல வளைந்திருந்தாலோ, மயிரிழை விரிசல்கள் தெரிந்தாலோ, உடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பக் கூடையில் போட்டுவிடுங்கள். நான் வண்ணத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

இன்னொன்று சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று சொடுக்கும். அச்சில் இறுக்கி மாட்டிய பிளாஸ்டிக் பல் சக்கரம் விரிசல் விட்டுவிட்டது என்று அதற்குப் பொருள். விரிசல் விட்ட இடத்தில் பற்களின் இடைவெளி அகன்றுவிடுவதால் அங்கே வரும்போதெல்லாம் தடுக்குகிறது. பசை போட்டு ஒட்டினால் நிற்காது, புதிய சக்கரம்தான் போட வேண்டும். அதை வரவழைக்கும் செலவு எஞ்சின் விலையை மிஞ்சக்கூடும் என்பதால், சொடுக்கும் சத்தத்தைத் தவுக்கேயைக் கேட்கச் செய்து விலையைப் பேசுங்கள். எனக்கு 25 வெள்ளியிலிருந்து 10 வெள்ளிக்குக் குறைத்தார்.

டோமிடெக் நிறுவனத்தின் குறுகிய பாதை வண்டிகளும் எப்போதாவது வரும். மிக நேர்த்தியானவை. ஆனால் அவை காட்சிக்கு வைக்கும் வண்டிகளாக விற்கப்பட்டவை, மோட்டார் உள்ள அடிப்பாகத்தைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். பேட்டரி வைத்து ஓடவில்லை என்று பழுதாக நினைத்துவிடாதீர்கள். மாறாக, காத்தோ நிறுவனத்தின் சிறிய நான்கு சக்கர அடிப்பாகம் உள்ள வண்டி எது கிடைத்தாலும் யோசிக்காமல் எடுங்கள். உலகம் முழுவதும் குறுகிய பாதை மாதிரி கட்டுபவர்கள் அதன் மேல்தான் தங்கள் எஞ்சின்களை உட்காரவைக்கிறார்கள். என் தோட்டத்து டீசலும் அதன் மேல்தான் உருவாகிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய திறந்த ஓட்டுநர் கூடு, நான்கு கம்பித் தூண்கள், நெளித்த அலுமினியத் தாளில் கூரை. குலைக்கூண்டுகளுக்குக் கொசுவலைக் கம்பியை வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைமீது எனக்குக் கோபம் வந்த ஒரே விஷயத்தையும் எழுதியாக வேண்டும். எஞ்சின்களுக்குப் பக்கத்திலேயே ரயிலை இயக்கும் மின்சாரப் பெட்டிகளையும் விற்கிறார்கள். அவை ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 முதல் 240 வோல்ட். பிளக்கை மாற்றிச் செருகினால் உள்ளே இருக்கும் மின்மாற்றி புகைந்துவிடும், தீப்பிடிக்கவும் கூடும். ஜப்பான் தையல் இயந்திரங்கள் எத்தனை இப்படிக் கருகி என் கடைக்கு வந்திருக்கின்றன! தையல் இயந்திரங்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டச் சொன்னேன், ஒட்டினார்கள். ரயிலை இயக்கும் மின்சாரப் பெட்டிகளுக்கும் ஒட்டச் சொல்லி இரண்டு மாதமாகிறது, இன்னும் ஒட்டவில்லை. ஒரு தந்தை தன் மகனுக்காக எஞ்சினும் பெட்டியும் வாங்கிக்கொண்டு வெளியேறியதைப் பார்த்து, வாசல் வரை ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திரும்பி வந்து பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். வாங்குகிறவர்கள் நம் மின்சாரத்தை 100 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றியைச் சேர்த்து வாங்குங்கள், அல்லது 12 வோல்ட் நேர்மின்சாரக் கட்டுப்பாட்டுப் பெட்டியை இங்கேயே தேடிக்கொள்ளுங்கள்.

அலமாரி இருக்கும் இடமும் சரியில்லை. பின்சுவரில் மழைக்காலத்தில் ஈரம் ஊறுகிறது. அட்டைப் பெட்டிகளில் பூஞ்சணம் பிடித்து, சக்கரங்களில் துரு பூக்கிறது. பெட்டிகளைக் கண்ணாடி அலமாரிக்கு மாற்றுவதாகத் தவுக்கே சொல்லியிருக்கிறார்.

புதிய சரக்கு பெரும்பாலும் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் பிரிக்கிறார்கள். திங்கட்கிழமை கடை இல்லை. காலையில் போனால் மேசை காலியாக இருக்கும், தம்பி பொறுமையாகக் கூடை முழுவதையும் கொட்டிக் காட்டுவான். பேட்டரியை நீங்கள் கொண்டுபோக வேண்டும். நேற்றுப் பார்த்தபோது கூடையில் ஒன்பது இருந்தன. கூரையில் கீறல் விழுந்த பச்சை நிற டீசலை எனக்காக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். அதைத் தவிர நான்கை ஓட்டிப் பார்த்துவிட்டேன், நான்கும் ஓடுகின்றன.